33 வயதில் கல்லூரி மாணவர்: ஜார்ஜியா டெக் அணியில் ராணுவ மருத்துவர் லெனர்ட் வுட்

1893 நவம்பர் 4, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற கல்லூரி நகரில், அந்த மாநிலத்தின் இரண்டு கல்லூரிகள் தங்களுக்குள் முதன்முதலாக அமெரிக்கன் ஃபுட்பாலில் மோதின. சொந்த ஊரில் ஆடியது ஜார்ஜியா பல்கலைக்கழகம். அட்லாண்டாவிலிருந்து ரயிலேறி வந்தது ஜார்ஜியா தொழில்நுட்பப் பள்ளி, அதாவது இன்றைய ஜார்ஜியா டெக். வந்தவர்கள் 28–6 என்று ஜெயித்தார்கள். ஜார்ஜியா டெக் ஃபுட்பாலில் பெற்ற முதல் வெற்றி அதுதான்.

ஆட்டம் நடக்கும்போதே கல் பறந்தது. முடிந்த பிறகும் பறந்தது. டெக் ஆட்டக்காரர்களை உள்ளூர்க் கூட்டம் ரயில் நிற்கும் இடம் வரைக்கும் விரட்டியது. அப்புறம் ஏதென்ஸ் பத்திரிகை தன் பங்குக்குக் கொட்டித் தீர்த்தது. எங்களைத் தோற்கடித்தது ஒரு கல்லூரி அணியே அல்ல, அட்லாண்டாவில் கிடைத்த ஆட்களையெல்லாம் அள்ளிப்போட்ட கதம்பம். அதில் ஒரு ராணுவ டாக்டர், ஒரு மருத்துவ மாணவர், ஒரு வக்கீல், ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று எல்லாரும் இருந்தார்கள். டெக் வாசனைக்காக இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மாணவர்களைத் தூவியிருந்தார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு.

அந்தப் பட்டியலின் முதல் ஆள்தான் இந்த ஆய்வின் நாயகர். கேப்டன் லெனர்ட் வுட். அமெரிக்க ராணுவத்தின் உதவி அறுவை மருத்துவர். அன்றைக்கு அவருக்கு 33 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டெக் அணியின் பயிற்றுநர் அவர், கேப்டன் அவர், களத்தில் ஆடியவரும் அவர். எல்லாவற்றுக்கும் மேல், பதிவேட்டின்படி அவர் டெக்கின் மாணவரும்கூட.

பயிற்றுநரே ஆடலாமா? ராணுவ அதிகாரி மாணவராக முடியுமா? இந்த வெற்றி நேர்மையானதுதானா? நூற்று முப்பது ஆண்டுகள் கழித்தும் ஜார்ஜியா ரசிகர்கள் விடாமல் கேட்கும் கேள்விகள் இவை. என் பார்வையில் இதை வெறும் ஏமாற்று வேலை என்று முத்திரை குத்தி மூடிவிட முடியாது. யார் மாணவர் என்று எழுதி வைக்காமலேயே மாணவர் போட்டி நடத்திய ஒரு காலத்தை இந்த ஒரு ஆட்டத்துக்குள் மொத்தமாகப் பார்க்கலாம்.

பழைய கல்லூரியும் புதிய பட்டறையும்

கல் எறிந்த கோபத்துக்குப் பின்னால் ஸ்கோரைத் தாண்டிய காரணம் ஒன்று இருந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சாசனம் 1785-இல் எழுதப்பட்டது. லத்தீனும் கிரேக்கமும் படித்து வக்கீலாகவும் அரசியல்வாதியாகவும் ஆகிறவர்களின் இடம் அது. உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கு மாநிலங்களுக்கு இனி தொழிற்சாலைதான் வழி என்று ஒரு தரப்பு வாதாடியதன் விளைவாக, 1885-இல் சட்டமன்றம் ஒரு தொழில்நுட்பப் பள்ளிக்கு ஒப்புதல் கொடுத்தது. அதை ஏதென்ஸிலேயே வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்டது. அட்லாண்டா தட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரே மாநிலம், ஒரே கஜானா. ஒருவருக்குப் போகிற பணம் இன்னொருவருக்கு வராத பணம்.

1888 அக்டோபரில் டெக் 84 மாணவர்களோடு திறந்தது. அன்று அங்கே இருந்த ஒரே படிப்பு மெக்கானிக்கல் என்ஜினீயரிங். இரண்டு கட்டடங்கள்: ஒன்றில் வகுப்பு, மற்றதில் பட்டறை. பையன்கள் அரை நாள் உலைக்கு முன்னால் நின்று இரும்பு அடித்தார்கள். அதனாலேயே அவர்களின் அணிக்கு 'கொல்லர்கள்' என்று பெயர் விழுந்தது. சட்டையில் கரி படிந்த இந்தக் கூட்டம், நூறு வயதைத் தாண்டிய கல்லூரியை அதன் சொந்த மைதானத்தில் வைத்துத் தோற்கடித்தது என்றால் ஏதென்ஸ்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபுட்பாலில் ஏதென்ஸ்தான் முந்தியது. சார்லஸ் ஹெர்ட்டி என்ற வேதியியல் பேராசிரியர் வடக்கில் கற்ற ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்து, 1892 ஜனவரியில் மெர்சர் கல்லூரியை 50–0 என்று நொறுக்க வைத்தார். அதே ஆண்டு டெக்கும் ஓர் அணி சேர்த்தது. மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. அந்த நிலையில்தான் அட்லாண்டா நகரின் தென்மேற்கு ஓரத்திலிருந்த மெக்பெர்சன் கோட்டைக்கு மாற்றலாகி வந்தார் வுட்.

வந்தவர் யார்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்செஸ்டரில் 1860 அக்டோபர் 9-இல் பிறந்தவர். அப்பா டாக்டர். மகன் ஹார்வர்டில் மருத்துவம் படித்து 1884-இல் பட்டம் வாங்கினார். பயிற்சி மருத்துவராக பாஸ்டன் நகர மருத்துவமனையில் சேர்ந்தவர், மூத்த மருத்துவர் இல்லாமல் தானே அறுவை சிகிச்சை செய்தார் என்பதற்காக வெளியேற்றப்பட்டார். விதி இருக்கிறதே என்று நிற்கிற ஆள் இல்லை, வேலை முன்னால் நிற்கிறதே என்று கையை வைத்துவிடுகிற ஆள். இந்தக் குணம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அதனால் வந்த நல்லதும் உண்டு, மிகக் கொடியதும் உண்டு.

தனி மருத்துவமனை போட்டுப் பிழைக்க வழியில்லாமல் 1885-இல் ராணுவத்தில் ஒப்பந்த மருத்துவராகச் சேர்ந்து அரிசோனாவுக்குப் போனார். அடுத்த ஆண்டு அப்பாச்சி பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைத் தேடி கேப்டன் ஹென்றி லாட்டனின் படை மெக்சிகோ மலைகளுக்குள் புகுந்தபோது கூடப் போன டாக்டர் வுட். எதிரிகள் நடமாடும் பகுதி வழியாகச் செய்தி கொண்டுபோக முன்வந்து, ஓர் இரவில் 70 மைல் பயணம் செய்து, மறுநாள் 30 மைல் நடந்தார். அதிகாரி இல்லாமல் தவித்த ஒரு காலாட்படைப் பிரிவை, தானே கேட்டு வாங்கிப் பல வாரம் நடத்தினார். மருத்துவருக்கு அது வேலையே இல்லை. இதற்காக நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது, ஆனால் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1898-இல், அவர் ஜனாதிபதி மெக்கின்லி வீட்டுக்கு டாக்டராக இருந்த நேரத்தில். சக அதிகாரிகள் முணுமுணுத்ததில் வியப்பில்லை.

அட்லாண்டாவில் 1893-இல் அவர் நிலைமை என்ன? சண்டை இல்லை. கோட்டையில் ஜலதோஷமும் சுளுக்கும்தான் நோயாளிகள். மலையில் நாள்கணக்கில் நடந்து பழகிய உடம்புக்கு அது போதவில்லை. பக்கத்திலேயே ஒரு கல்லூரி, அதில் தோற்று நொந்துபோன ஓர் அணி. ஆனால் வெளியாள் சும்மா போய் ஆட முடியாது. அதனால் கல்லூரியில் பெயரைப் பதிந்துகொண்டார். ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் வாங்கிய ராணுவ கேப்டன், கொல்லர் பட்டறைக் கல்லூரியில் புது மாணவர்!

1893-இன் ஆட்டம்

இன்றைக்கு டிவியில் பார்க்கிற அமெரிக்கன் ஃபுட்பாலை மனதில் வைத்துக்கொண்டு அந்த நாளைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பந்தை முன்னால் எறிவது சட்டவிரோதம். அது 1906-இல்தான் வந்தது. மூன்று முயற்சிக்குள் ஐந்து யார்டு நகர்ந்தால் பந்து உங்களிடமே இருக்கும். மைதானம் 110 யார்டு நீளம். ஒரு பாதி 45 நிமிடம். தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு இன்னொரு கூட்டம் என்று மாற்றி மாற்றி இறக்குகிற வழக்கம் கிடையாது. அதே பதினோரு பேர்தான் முட்டுவதும் தடுப்பதும்.

புள்ளிக் கணக்கும் வேறு. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற டச் டவுனுக்கு 4, அதன்பின் உதைக்கும் கோலுக்கு 2, களத்திலிருந்து நேராக அடிக்கும் கோலுக்கு 5. ஜார்ஜியா எடுத்த 6 என்பது அநேகமாக ஒரு டச் டவுனும் ஒரு கோலும். டெக்கின் 28, இன்றைய கணக்கில் அதைவிடப் பெரிய ஸ்கோராகத் தெரியும்.

ஐந்து யார்டு மட்டும் போதும் என்றால் எந்த அணியும் என்ன செய்யும்? பந்து வைத்திருப்பவனை நடுவில் வைத்து, கைகோத்து, ஒரே திரளாக எதிரியின் ஒரு ஆள் மீது மோதும். 1892-இல் ஹார்வர்ட் கொண்டுவந்த 'பறக்கும் ஆப்பு' இதன் உச்சம். இரண்டு கூட்டம் தூரத்திலிருந்து ஓடிவந்து ஆப்பு வடிவில் இணைந்து வேகத்தோடு இடிக்கும். அதைக் கண்டுபிடித்த லோரின் டீலண்ட் ஃபுட்பால் ஆடியவரே அல்ல, நெப்போலியனின் போர்முறைகளைப் படித்து ரசித்தவர். இப்படி ஓர் ஆட்டம் ராணுவ அதிகாரிகளுக்குப் பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம்? 1894-இல் விதியை மாற்றி அந்த ஆப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். ஆக, வுட் ஆடிய 1893 பருவம் அதன் கடைசிப் பருவம்.

தலைக்குக் கவசம்? அதே 1893 டிசம்பரில் கடற்படை அகாடமியின் ஜோசப் ரீவ்ஸ் என்ற மாணவர், இன்னொரு அடி தலையில் விழுந்தால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்ததால், செருப்புத் தைப்பவரிடம் தோலில் ஒரு தொப்பி தைத்து வாங்கி ராணுவ அகாடமிக்கு எதிராக ஆடினார். ஃபுட்பால் ஹெல்மெட்டின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு மாதம் முன்னால் ஏதென்ஸில் இறங்கியவர்களுக்குத் தலையில் முடிதான் கவசம். அதனாலேயே ஆட்டக்காரர்கள் முடியை நீளமாக வளர்த்தார்கள்.

'கோச்' என்ற வேலையும் அன்று இன்றைய பொருளில் இல்லை. களத்துக்கு வெளியே நின்று கத்திக் கத்தி ஆட்டத்தை நடத்துவதைக் கண்ணியக் குறைவாகப் பார்த்தார்கள். எந்த நகர்வு, யார் பந்தோடு ஓடுவது என்பதையெல்லாம் களத்துக்குள் முடிவு செய்தவர் கேப்டன். ஆட்டம் தெரிந்த ஒருவர் கிடைத்தால் அவரே கற்றுக்கொடுப்பார், அவரே கேப்டனாக நிற்பார், அவரே இடிப்பார். ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயிண்டில் 1890-இல் இதையே டென்னிஸ் மிச்சி செய்தார். பேராசிரியர் மகனான அந்த மாணவர் ஒன்றும் தெரியாத கேடட்டுகளைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, கேப்டனாக நின்று, கடற்படையோடு முதல் ஆட்டத்தை ஆடி 24–0 என்று தோற்றார். ஏதென்ஸில் வுட்டுக்கு எதிரே இருந்த ஜார்ஜியா அணியின் பயிற்றுநர் எர்னஸ்ட் பிரவுனும் அந்தக் கல்லூரியிலேயே மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர்தான்.

சரி, விதிமீறலா?

மீறுவதற்கு முதலில் ஒரு விதி வேண்டும். 1893-இல் தெற்கு மாநிலக் கல்லூரிகளுக்குப் பொதுவான விளையாட்டு அமைப்பே இல்லை. யார் ஆடலாம் என்பதை இரண்டு கேப்டன்களோ மேலாளர்களோ கடிதம் போட்டுப் பேசிக்கொள்வார்கள், அல்லது பேசாமலே விட்டுவிடுவார்கள். வயது வரம்பு இல்லை. எத்தனை ஆண்டு ஆடலாம் என்ற வரம்பு இல்லை. இத்தனை நாள் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கல்லூரியில் பெயர் இருக்கிறதா? இருக்கிறது. அவ்வளவுதான். எழுத்தின்படி வுட் சுத்தம்.

ஏதென்ஸ் பத்திரிகை சொன்ன மற்றவர்களின் கதை வேறு. வக்கீலும் இன்ஷூரன்ஸ் ஏஜென்டும் கல்லூரி அணியில் எப்படி வந்தார்கள் என்பதற்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. வெளியாளை இறக்கினார்கள் என்ற புகாரில் நியாயமான பகுதி அதுதான். வுட்டின் பெயர் முதலில் வந்ததற்குக் காரணம், அவர் மிகப் பெரிய தவறு செய்தார் என்பதல்ல. அவர்தான் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர். தோற்றவர்களுக்கு யார் மீது எரிச்சல் அதிகம் வரும் என்பது தெரிந்ததுதானே.

ஆனாலும் 'எழுத்தின்படி சுத்தம்' என்பதோடு நிறுத்திவிடுவது வசதியான தீர்ப்பு. வுட் டெக்கில் சேர்ந்தது என்ஜினீயர் ஆகவா? ஃபுட்பால் ஆட. மாணவன் என்பதால் ஆடுவது ஒன்று, ஆடுவதற்காக மாணவன் ஆவது வேறொன்று. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அன்றிலிருந்து இன்றுவரை தடுமாறுகிற இடம் இதுவே. அதற்குப் பிறகு எழுதப்பட்ட விதிப் புத்தகங்களெல்லாம், இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட முயன்று, கோடு போடப் போட ஆட்கள் அதைச் சுற்றிப் போகிற வழியைக் கண்டுபிடித்த கதைதான். வுட் சுற்றிப் போகவில்லை. கோடு இல்லாத இடத்தில் நேராக நடந்து போனார்.

பணம் வாங்கினாரா என்பது இந்த மாதிரி வழக்குகளில் வழக்கமாக வரும் அடுத்த கேள்வி. அந்தக் காலத்தில் வாரம் ஒரு கல்லூரிக்குக் கூலிக்கு ஆடிய ஆட்கள் நாடு முழுக்க உண்டு. வுட்டுக்கு ராணுவச் சம்பளம் இருந்தது, அவருக்கு வேண்டியது ஆட்டம் மட்டும். இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன். ஏதென்ஸ்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வுட் இருந்த பருவம், இல்லாத பருவம்

1893 பருவத்தை டெக் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை என்று முடித்தது. முந்தைய ஆண்டு மூன்றுக்கு மூன்று தோற்ற அணிக்கு இது பெரிய ஏற்றம். அடுத்த ஆண்டு, 1894-இல், ஆபர்ன் கல்லூரி டெக்கை 94–0 என்று அடித்தது. தொண்ணூற்று நான்கு! ஒரு டச் டவுனுக்கு 4 புள்ளி என்ற கணக்கில் இது என்ன அடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 1893-இன் குறை புகாரைவிடத் தெளிவாகத் தெரிகிறது. வுட் ஓர் அணியை உருவாக்கிவிட்டுப் போகவில்லை. அவரே அணியாக இருந்தார். ஆள் நகர்ந்ததும் பட்டறைப் பையன்கள் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். டெக்குக்கு நிலைத்த ஃபுட்பால் கிடைக்க இன்னும் பத்தாண்டு ஆனது. 1904-இல் ஜான் ஹைஸ்மனைச் சம்பளம் கொடுத்து முழுநேரப் பயிற்றுநராக எடுத்த பிறகுதான் அது நடந்தது.

1894 டிசம்பரில் அட்லாண்டாவில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் வில்லியம் டட்லி கூட்டிய கூட்டத்தில் ஏழு கல்லூரிகள் சேர்ந்து தெற்குக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கின. ஜார்ஜியாவும் டெக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. உண்மையான மாணவர் மட்டுமே ஆடலாம் என்பது அதன் அடிப்படை. ஏதென்ஸ் ஆட்டம் ஒன்றால்தான் இந்தச் சங்கம் பிறந்தது என்று சொன்னால் மிகை. கூலி ஆட்டக்காரர்கள் தெற்கு முழுக்க இருந்த தலைவலி. ஆனால் ஓராண்டு முன்னால் கல்லெறி வரை போன ஒரு சண்டை அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு மறந்திருக்காது. (வேதியியல் பேராசிரியர்களுக்கும் தெற்கு ஃபுட்பாலுக்கும் அப்படி என்ன ஒட்டோ, ஹெர்ட்டி, டட்லி என்று வரிசையாக வருகிறார்கள்.)

ஜார்ஜியாவும் டெக்கும் மறுபடி மோதியது 1897-இல். ஜார்ஜியா 28–0 என்று பழி தீர்த்தது. அடுத்த வாரமே அட்லாண்டாவில் வர்ஜினியாவோடு நடந்த ஆட்டத்தில் ஜார்ஜியாவின் ரிச்சர்ட் வான் கேமன் தலையில் அடிபட்டு இறந்தார். மாநிலச் சட்டமன்றம் ஃபுட்பாலைத் தடைசெய்யத் தீர்மானம் நிறைவேற்றியது. பையனின் தாய் ரோசலிண்ட் கேமன், என் மகன் நேசித்த ஆட்டத்தை அவன் பெயரைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள் என்று கடிதம் எழுதினார். கவர்னர் அட்கின்சன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அந்த ஒரு கடிதம் இல்லாவிட்டால் ஜார்ஜியாவில் ஃபுட்பால் வரலாறு அங்கேயே நின்றிருக்கலாம்.

ரூஸ்வெல்ட்டின் நண்பர்

1895-இல் வுட் வாஷிங்டனுக்கு மாற்றலானார். அங்கே 1897-இல் அறிமுகமானவர் கடற்படைத் துணைச் செயலர் தியடோர் ரூஸ்வெல்ட். உடம்பை வருத்துவதில் இருவருக்கும் ஒரே பைத்தியம். மாலையில் நீண்ட நடை போவார்கள், சில நாள் காலியான மனையில் ஃபுட்பாலை உதைத்துக்கொண்டிருப்பார்கள். இதை ரூஸ்வெல்ட்டே எழுதி வைத்திருக்கிறார். நாற்பதை நெருங்கும் இரண்டு பேர், ஒருவர் ஜனாதிபதியின் டாக்டர், மற்றவர் வருங்கால ஜனாதிபதி.

1898-இல் ஸ்பெயினோடு போர் வந்தது. தன்னார்வக் குதிரைப்படை ஒன்றுக்குத் தலைமை ஏற்கச் சொன்னபோது ரூஸ்வெல்ட், எனக்கு அனுபவம் போதாது, வுட்டை கர்னல் ஆக்குங்கள், நான் அவருக்குக் கீழே இருக்கிறேன் என்றார். 'ரஃப் ரைடர்ஸ்' என்று பெயரெடுத்த அந்தப் படையில் மாட்டுப் பண்ணைக் கௌபாய்களோடு ஹார்வர்டின் பழைய ஃபுட்பால் ஆட்டக்காரர் டட்லி டீன், டென்னிஸ் சாம்பியன் பாப் ரென் எல்லாரும் சேர்ந்தார்கள். ஜூலை 1-ஆம் தேதி சான் ஹுவான் சண்டைக்கு முன்பே வுட் ஒரு பிரிகேடுக்குத் தலைமை ஏற்க, ரூஸ்வெல்ட் குதிரையில் ஏறிக் குன்றையும் புகழையும் பிடித்தார்.

அதே நாளில், அதே சண்டையில், வெஸ்ட் பாயிண்டின் முதல் பயிற்றுநர் டென்னிஸ் மிச்சி குண்டு பட்டு இறந்தார். வயது 28. ராணுவ அகாடமியின் ஃபுட்பால் மைதானத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். வுட்டுக்குக் கிடைத்தது மைதானம் இல்லை, பதவிகள். 1899-இலிருந்து 1902 வரை கியூபாவின் ராணுவ ஆளுநர். மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறதா என்று கண்டறிய ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் பணம் கேட்டபோது, டாக்டர் என்பதால் உடனே புரிந்துகொண்டு 10,000 டாலர் ஒதுக்கிக் கொடுத்தார். ரீடின் சோதனைகள் கொசுதான் என்று நிரூபித்தன.

அடுத்தது பிலிப்பைன்ஸ், இதை மழுப்ப முடியாது. 1906 மார்ச்சில், அவர் தலைமையிலான படை ஹோலோ தீவின் புட் டாஹோ எரிமலை வாயில் ஒதுங்கியிருந்த மோரோ முஸ்லிம்கள் அறுநூறு பேருக்கு மேல் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். எழுத்தாளர் மார்க் ட்வைன் அதைக் கடுமையாகச் சாடினார். வுட் வருத்தப்படவில்லை, நியாயப்படுத்தினார். ரூஸ்வெல்ட் வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

ஃபுட்பாலைச் சீர்திருத்தியதிலும் அதே ரூஸ்வெல்ட்தான் வருகிறார். ஆட்டக்களத்தில் சாவு பெருகியதால் 1905 அக்டோபரில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பயிற்றுநர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சரிசெய்யச் சொன்னார். அடுத்த ஆண்டு முன்னோக்கி எறிதல் வந்தது, ஐந்து யார்டு பத்தானது. கல்லூரிகளுக்குத் தேசிய அமைப்பு ஒன்றும் உருவானது. இன்று என்.சி.ஏ.ஏ. என்று அறியப்படும் அந்த அமைப்பின் முதல் தலைவர், வெஸ்ட் பாயிண்டைச் சேர்ந்த கேப்டன் பால்மர் பியர்ஸ். யார் ஆடலாம் என்று எழுதி வைக்கிற வேலையையும் கடைசியில் ஒரு ராணுவ அதிகாரியிடமே கொடுத்தார்கள்.

தலையில் பட்ட அடி

வுட் இறந்ததற்கும் ஃபுட்பாலுக்கும் தொடர்புண்டா என்று இன்றைய வாசகர் கேட்பது இயல்பு. கியூபாவில் அதிகாரியாக இருந்தபோது அவர் மேசையிலிருந்து எழும்பும்போது மேலே தொங்கிய சரவிளக்கில் தலையை இடித்துக்கொண்டார். பின்னர் அங்கே ஒரு வீக்கம் தோன்றியது. இடது காலில் வலிப்பும் பலவீனமும் வந்தன. 1910-இல் பால்டிமோரில் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் மண்டையைத் திறந்து மூளை உறையில் வளர்ந்திருந்த கட்டியை அகற்றினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கட்டியை எடுத்து நோயாளி பிழைப்பதே அபூர்வம். வுட் பிழைத்ததோடு நிற்கவில்லை, அதே ஆண்டு அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். குஷிங்கின் புகழுக்கு இந்த ஒரு நோயாளி செய்த உதவி கொஞ்சமல்ல.

கட்டி மறுபடி வளர்ந்தது. நொண்டியபடியே 1920-இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்றார். முதல் சுற்று வாக்கில் அவர்தான் முன்னணி. பத்தாவது சுற்றில் வாரன் ஹார்டிங் தட்டிச் சென்றார். பிலிப்பைன்ஸின் தலைமை ஆளுநராக இருந்தபோது நிலைமை முற்றிப் பாஸ்டனுக்கு வந்தார். குஷிங் மீண்டும் திறந்தார். 1927 ஆகஸ்ட் 7-இல் வுட் இறந்தார்.

ஏதென்ஸ் களத்தில் வாங்கிய இடிதான் காரணம் என்று முடிச்சுப் போட ஆசை வரலாம், போடக்கூடாது. இன்று ஃபுட்பால் ஆட்டக்காரர்களிடம் பேசப்படும் மூளைச் சிதைவு வேறு, மூளை உறைக் கட்டி வேறு. குஷிங்கே யோசித்தது சரவிளக்கைப் பற்றித்தான், ஒரு அடியால் கட்டி வருமா என்பதும் மருத்துவத்தில் முடியாத வாதம். 33 வயதில் ஆடிய ஒரு பருவத்தின் மேல் அந்தப் பாரத்தை ஏற்றுவதற்கு ஆதாரம் இல்லை.

கணக்கில் எது உண்டு, எது இல்லை

அந்த ஆட்டம் நடந்த ஹெர்ட்டி மைதானம் பின்னர் பல ஆண்டுகள் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. இப்போது புல்வெளியும் நீரூற்றுமாக இருக்கிறது. டெக்கின் ஏடுகளில் வுட் இன்றும் 1893-இன் பயிற்றுநராகவே இருக்கிறார். ஜார்ஜியாவும் அந்தத் தோல்வியைத் தன் கணக்கிலிருந்து நீக்கவில்லை. ராணுவ டாக்டரும் வக்கீலும் இன்ஷூரன்ஸ் ஏஜென்டும் ஆடியதாகத் தாங்களே புகார் சொன்ன 28–6, இரு கல்லூரிகளின் மோதல் பட்டியலில் முதல் வரியாக நிற்கிறது.

ஆனால் அதே ஜார்ஜியா கணக்கில் சேர்க்காத இரண்டு ஆட்டங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இலும் 1944-இலும், டெக் 48–0, 44–0 என்று ஜெயித்தவை. ஜார்ஜியாவின் ஆட்டக்காரர்கள் போருக்குப் போய்விட்டார்கள். டெக்கிலோ கடற்படை அதிகாரிப் பயிற்சித் திட்டம் நடந்ததால் நல்ல ஆட்டக்காரர்கள் சீருடையோடு அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். அது சமமான போட்டியே அல்ல என்பது ஜார்ஜியாவின் வாதம். டெக் இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. அதனால் இந்த இரு அணிகள் இதுவரை எத்தனை முறை மோதின என்று கேட்டால், அட்லாண்டாவில் ஒரு எண் சொல்வார்கள், ஏதென்ஸில் அதைவிட இரண்டு குறைத்துச் சொல்வார்கள்.